இடது சீட்டுக்குக் கீழே

பாம்பன் பாலத்தின் நட்டநடுவில்
மூன்றாம் தடவையாக நின்றுபோனது வண்டி.
பின்னால் ஆறு கூடை நீலக்கால் நண்டு,
உருகும் ஐஸ்,
அதற்கும் பின்னால்
ஆரனிலிருந்து கையெடுக்காத யாத்திரை பஸ்.
சந்தியாகு சாவியைத் திருப்பினான்.
சுற்றியது, பிடிக்கவில்லை.
கால்மணி நேரம் கழித்து
ஒன்றுமே நடக்காததுபோலப் பிடித்தது.

சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்.
குடிகாரன் சத்தியம்.

அதற்குள் ரிலே மாற்றியாயிற்று, டீசல் பில்டர்,
கிராங்க் சென்சார்,
அந்தச் சென்சாரும் சரியில்லையோ என்று இன்னொன்று.
நண்டுக் கம்பெனி தந்த முன்பணம்
அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வந்து சேர்ந்தது.

உச்சிப்புளி அசனலி
கருவியைச் செருகிவிட்டு
நெடுநேரம் பேசவில்லை.
"ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளு மேல
பழி போடுதுக்கா.
பழி போடுறவன்ட்டதான் கோளாறு."

இடது சீட்டைக் கழற்றினார், ரப்பர் மேட்டை உரித்தார்.
என் சோற்று டப்பா அளவுக்கு
ஓர் அலுமினியப் பெட்டி.
வயர்க்கொத்தைப் பிடுங்கினால்
ஊசிகளில் பச்சை பூத்திருந்தது,
புளி காணாத செம்பில் பூப்பதுபோல.
பெட்டியின் ஓரத்தில்
ஒட்டிக் காய்ந்த ஒரு நண்டுக்கால்.

அதை எடுத்து டேஷ்போர்டில் வைத்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

போன ஐப்பசி, வாடை மழை.
பின்பக்கம் இடமில்லையென்று
ஏழாவது கூடையை என் காலடியில் ஏற்றியது நான்தான்.
தங்கச்சிமடத்திலிருந்து மண்டபம் வரைக்கும்தானே.
உப்புத் தண்ணீர் செருப்பை நனைத்தது,
பிறகு காணாமல் போனது.
தண்ணீர் காணாமல் போனால்
யார் தேடுவார்?

புதுசு அறுபதாயிரம், ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.
மதுரைப் பழைய சாமான் கடையிலிருந்து
பன்னிரண்டாயிரத்துக்குப் பார்சலில் வந்தது
வேறொரு வண்டியின் மூளை.
"மூளையெல்லாம் இல்லக்கா, கணக்குப்பிள்ளை.
எவ்வளவு காத்து, எவ்வளவு டீசல், எப்ப ஊத்தணும்.
அம்புட்டுதான்."

பேட்டரியைக் கழற்றிவிட்டு டீ குடித்தோம்.
பச்சையைச் சுரண்டினார். தேறாத மூன்று வயரை
வெட்டிப் பற்றவைத்தார்.
இன்ஜெக்டர் தலைகளில் பொறித்த எண்களை
டார்ச் அடித்து நான் வாசிக்க
ஒவ்வொன்றாய் ஏற்றினார்.
அது எட்டா, பியா என்று இரண்டு தடவை சண்டை.
நான்கு பேருக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது
இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

என் சாவியை அதற்கு அடையாளம் தெரியவில்லை.
சிவப்பு விளக்கு முறைத்தது,
சம்பந்தி வீட்டு நாய்போல.

பழகவைக்கும் முன்
அதன் பழைய பதிவைத் திறந்து காட்டினார்.
கடைசியாக நின்ற நேரத்தின் கணக்கு:
வெளிக்குளிர் எட்டு டிகிரி.
காற்றழுத்தம் எழுபத்தொன்பது.
"நம்ம கரையில நூத்தி ஒண்ணு.
இது எங்கயோ மலை மேல நின்னுருக்குக்கா."

கேரட் மூட்டையாக இருக்கலாம், முட்டைக்கோஸாக இருக்கலாம்.
மங்கி குல்லா போட்ட ஒருவர்
சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்.
கொண்டை ஊசி வளைவில்
அவருக்குப் பின்னாலும் ஒரு பஸ்.

"அழிச்சிரட்டுமா?"

சீட்டுக்குக் கீழே நீ எதை வைத்தாய் என்று
அந்த ஆளைக் கேட்க வேண்டும்போல இருந்தது.

"அழிங்க."

விடியற்காலை நான்கு மணி. தங்கச்சிமடத்தில்
ஏழாவது கூடையை நீட்டினார்கள்.
வேண்டாம் என்றேன்.
சந்தியாகு ஏன் என்று கேட்கவில்லை,
கேட்டிருந்தால் இடமில்லை என்றிருப்பேன்.
சீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
கீழே தூங்குகிற பிள்ளை இருப்பதுபோல.

பாலத்தின் நடு வந்தபோது
இரண்டுபேரும் பேச்சை நிறுத்தினோம்.
வண்டி நிறுத்தவில்லை.
டேஷ்போர்டில் அந்த நண்டுக்கால்
கண்ணாடிப் பக்கமாக
அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது.